“சாதாரண சிக்” என்று கையெழுத்துப் போட்டாலும் உரிமை போகாது

கேள்வி: ஐயா, என் அப்பா ரயில்வேயில் ட்ராக்மேன். வயது 50. 2025 ஆகஸ்டில் தண்டவாளம் மாற்றும்போது தூக்கிய தண்டவாளம் நழுவிக் கணுக்காலில் விழுந்துவிட்டது. ரயில்வே ஆஸ்பத்திரி தொலைவில் இருந்ததால் பக்கத்து ஊர்த் தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். அம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் பணம் கட்டினோம். “ஐ.ஓ.டி. (பணியில் ஏற்பட்ட காயம்) என்று போட்டால் விசாரணை வரும், எல்லாருக்கும் மெமோ வரும், சாதாரண சிக்கில் (நோய் விடுப்பில்) போய்விடு” என்று மேலதிகாரி சொன்னதைக் கேட்டு அப்பாவும் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது விடுப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரி பில்லை ஆபீஸில் வாங்கவே மாட்டேன் என்கிறார்கள். கால் சரியாக மடங்கவில்லை. ‘அன்ஃபிட்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று அப்பா தூங்குவதே இல்லை. அதே இடத்தில் அடிபட்ட ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. நாங்கள் என்ன செய்யலாம்?

— பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: அம்மா, உங்கள் அப்பா தூங்குவதற்கு வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் காலுக்காக அவரை வேலையிலிருந்து அனுப்ப முடியாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20(4) இதைத் தெளிவாகச் சொல்கிறது. பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் எதுவும் நீக்கவும் கூடாது, பதவியில் இறக்கவும் கூடாது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில், அதே சலுகைகளோடு வேறு வேலை தர வேண்டும். அப்படி ஓர் இடம் காலியாக இல்லையென்றால், கிடைக்கும் வரையோ ஓய்வு பெறும் வரையோ உபரிப் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு இருந்தது. பணியில் அடிபட்டு இடது காலை இழந்த குணால் சிங் என்ற காவலரை வீட்டுக்கு அனுப்பியது செல்லாது என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அதன் கீழ்தான். ரயில்வேயில் ‘டிகேடகரைஸ்’ என்றாலே வேலை போய்விட்டதாகப் பலர் பதறுகிறார்கள். வேறு வேலைக்கு மாற்றுகிறார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அடுத்து, அந்தக் கையெழுத்து. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கோபம் வந்த இடம் அதுதான். 60 கிலோ ரகத் தண்டவாளம் மீட்டருக்கு 60 கிலோ எடை இருக்கும். 13 மீட்டர் துண்டு ஒன்று 780 கிலோ வரும். அது காலில் விழுந்த மனிதரைக் காய்ச்சல்காரரைப் போலச் சிக்கில் போகச் சொல்வது கருணை ஆகாது. விசாரணை வந்தால் யாருக்குச் சங்கடம் என்று யோசித்தால், அந்த யோசனை யாருக்காகச் சொல்லப்பட்டது என்பது புரியும்.

ஆனாலும் பயப்பட வேண்டாம். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் பிரிவு 17 என்று ஒன்று உண்டு. இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுப்பதாக எந்த ஒப்பந்தம் செய்திருந்தாலும் அது செல்லாது என்கிறது அது. விபத்தை முறைப்படி எழுத்தில் தெரிவிக்கவில்லை என்பதும் தடையாகாது. நடந்தது அப்போதே நிர்வாகத்துக்கு வேறு வழியில் தெரிந்திருந்தால் போதும் என்று பிரிவு 10 சொல்கிறது. மேலதிகாரியே வந்து யோசனை சொல்லியிருக்கிறாரே, தெரியாது என்று எப்படிச் சொல்வார்கள்?

இப்போது தேவை, அடிபட்டது பணியில்தான் என்று காட்டும் காகிதம். முதலில் அந்தத் தனியார் மருத்துவமனைக்குப் போய் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகலை வாங்குங்கள். அதில் ‘எப்படி அடிபட்டது, எங்கே, எத்தனை மணிக்கு, யார் கூட்டிவந்தது’ என்று சில வரிகள் இருக்கும். அப்பாவைத் தூக்கிவந்த கேங்க்காரர்கள் அன்றைக்குப் பதற்றத்தில் சொன்னதை டியூட்டி டாக்டர் அப்படியே எழுதியிருப்பார். ‘வேலை செய்யும் இடத்தில் தண்டவாளம் விழுந்தது’ என்று அதில் இருந்தால், பின்னால் யார் எதை மாற்றி எழுதினாலும் அந்த வரி நிற்கும். ‘கீழே விழுந்துவிட்டார்’ என்று மட்டும் இருந்தாலும் மனம் தளராதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியும் எக்ஸ்ரேயும் நசுங்கிய காயத்தைக் காட்டும். அந்த நாளின் வருகைப் பதிவேடு, கேங் டைரி, அந்தப் பாதையில் வண்டிகளை நிறுத்தி வேலைக்கு பிளாக் கொடுத்த ஸ்டேஷன் பதிவு ஆகியவற்றின் நகல்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். கூட இருந்த இரண்டு பேரிடம் எழுத்தில் வாக்குமூலம் வாங்கிவிடுங்கள். இடமாற்றம் வந்துவிட்டால் அவர்களைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

இவற்றை இணைத்து, ‘இது பணியிடக் காயம், ஐ.ஓ.டி.யாகப் பதிவு செய்யுங்கள்’ என்று அப்பா கோட்ட மேலாளருக்கும் ரயில்வே தலைமை மருத்துவக் கண்காணிப்பாளருக்கும் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் எழுத வேண்டும். அந்த ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள்.

பில் விஷயம். ரயில்வே ஊழியர் ரயில்வே மருத்துவமனைக்கோ, அவர்கள் அனுப்பும் மருத்துவமனைக்கோ போக வேண்டும் என்பது பொது விதி. உயிரோ உறுப்போ போகும் அவசரத்தில் பக்கத்தில் இருப்பதில் சேர்ப்பது அதற்கு விலக்கு. பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்ற ஒரே காரணத்துக்காக மருத்துவச் செலவை மறுக்கக் கூடாது என்று 2018-இல் சிவகாந்த் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிகிச்சை உண்மையிலேயே நடந்ததா, ஆவணம் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றது. அது ஓய்வு பெற்ற மத்திய அரசு அலுவலரின் வழக்கு. பணியில் அடிபட்டவரின் நியாயம் அதைவிட வலுவானது. இதற்கு மேல், பணியில் ஏற்பட்ட காயத்துக்கு ஆன உண்மையான மருத்துவச் செலவை முதலாளி திருப்பித் தர வேண்டும் என்று இழப்பீட்டுச் சட்டத்தின் பிரிவு 4(2ஏ) தனியாகவே சொல்கிறது. அசல் பில்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, ‘அவசர நிலையில் சேர்க்கப்பட்டார்’ என்று ஆபரேஷன் செய்த டாக்டர் தரும் சான்று இவற்றோடு மனுவைக் கொடுங்கள். வாங்க மறுத்தால் அதையும் தபாலில் அனுப்புங்கள். வாய்மொழியாக ‘முடியாது’ என்று சொன்னதை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. மறுப்பு எழுத்தில் வர வேண்டும்.

விடுப்பு. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு மத்திய அரசு ஊழியர்களுக்குப் பணிசார் நோய், காய விடுப்பு என்று தனியாக ஒன்று வந்தது. மருத்துவமனையில் இருந்த நாள் முழுவதற்கும் முழுச் சம்பளம். வெளியே வந்த பின் ஆறு மாதம் முழுச் சம்பளம். அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் 12 மாதம் அரைச் சம்பளம். ஐ.ஓ.டி. என்று ஏற்கப்பட்டால், இதுவரை எடுத்த விடுப்பை இதன் கீழ் மாற்றித் தரும்படி கேளுங்கள். சேர்த்து வைத்த சொந்த விடுப்பு திரும்பக் கிடைக்க அதுதான் வழி. ஒரு வேண்டுகோள். விடுப்பு தீர்ந்துவிட்டதே என்று அவசரப்பட்டு ‘ஃபிட்’ வாங்கிக்கொண்டு பழைய கேங் வேலைக்கு அப்பா திரும்பக் கூடாது. மடங்காத கணுக்காலோடு ஜல்லியில் நடந்து, வண்டி வரும்போது ஒதுங்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

கடைசியாக இழப்பீடு. அப்பாவின் விபத்து ஆகஸ்டில் நடந்ததால் 1923 சட்டம்தான் பொருந்தும். 2025 நவம்பர் 21 முதல் நடந்த விபத்துகள் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் கீழ் வரும். கணக்கு இதுதான். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் மாதம் 15,000 ரூபாய் என்றே எடுத்துக்கொள்வார்கள். அதில் 60 சதவீதம் 9,000. ஐம்பது வயதுக்கான காரணி 153.09. பெருக்கினால் 13,77,810 ரூபாய். சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனது என்று மருத்துவர் மதிப்பிடுகிறாரோ, இதில் அந்தப் பங்கு கிடைக்கும். 40 சதவீதம் என்றால் 5,51,124.

“சம்பளம் குறையவில்லையே, இழப்பு எங்கே?” என்று ரயில்வே வக்கீல் கேட்பார். சம்பளம் வேறு, சம்பாதிக்கும் திறன் வேறு. இடது கையை இழந்த தச்சர் ஒருவருக்கு, தச்சு வேலை இனி முடியாது என்பதால் முழு இழப்பு என்றே 1976-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதனால் மருத்துவச் சான்றில் ஊன சதவீதம் மட்டும் போதாது. பாதையில் நடக்க முடியுமா, பளு தூக்க முடியுமா, குந்தி உட்கார முடியுமா என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

உங்கள் ஊர் எல்லைக்குட்பட்ட தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்திலேயே மனுவைத் தாக்கல் செய்யலாம். விபத்து நடந்த இரண்டு ஆண்டுக்குள், அதாவது 2027 ஆகஸ்டுக்குள் செய்ய வேண்டும். இழப்பீட்டை ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்தால் 12 சதவீத வட்டியும், சரியான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு.

அந்த ஒப்பந்தத் தொழிலாளியைப் பற்றிக் கேட்டதற்கு உங்களைப் பாராட்டுகிறேன். ‘காண்ட்ராக்ட் ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்ற பதிலை அவர் ஏற்க வேண்டாம். அவருக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் சிகிச்சையும் உதவித்தொகையும் அந்த வழியில் வரும். இல்லையென்றால் இழப்பீட்டுச் சட்டத்தின் பிரிவு 12-இன்படி முதன்மை முதலாளி என்ற முறையில் ரயில்வேயிடமே இழப்பீடு கேட்கலாம். ரயில்வே அதைப் பின்னால் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். அவர் அப்பாவுக்குச் சாட்சி சொல்லலாம், அப்பா அவருக்குச் சொல்லலாம். ஆகவே அவரையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு மனுக்களையும் சேர்த்தே கொடுங்கள்.