கியூஎமு காட்டும் மில்லி விநாடிகளை நம்பாதீர்கள்

"போர்டு எதுக்கு சார்? கியூஎமுவிலேயே டைமிங் பார்த்துட்டோம்." ப்ராஜெக்ட் மதிப்பீட்டுக்குப் போகிற கல்லூரிகளில் எல்லாம் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அறிக்கையில் அழகாக ஓர் அட்டவணை இருக்கும். கார்ட்டெக்ஸ் எம்3 சிப்பில் பழைய முறைக்கு இத்தனை மில்லி விநாடி, எங்கள் முறைக்கு இத்தனை, ஆகவே இத்தனை சதவீதம் வேகம். எந்த போர்டில் அளந்தீர்கள் என்று கேட்டால் லேப்டாப்பைக் காட்டுகிறார்கள். மாணவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த அட்டவணைக்குக் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பிய வழிகாட்டிகளைத்தான் சொல்கிறேன்.

அந்த எண்கள் தப்பு. தோராயம் என்றுகூட அவற்றைச் சொல்ல முடியாது.

ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்ட திறந்த மூல மென்பொருள் கியூஎமு. சிப்பின் மின்சுற்று எப்படி வேலை செய்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. நம் ஃபர்ம்வேரின் கட்டளைகளைத் துண்டு துண்டாக எடுக்கிறது. டிசிஜி என்ற பகுதி அவற்றை லேப்டாப் செயலியின் கட்டளைகளாக மாற்றுகிறது. மாற்றியதைச் சேமித்து வைத்துக்கொண்டு, அதே துண்டு மறுபடி வந்தால் நேரே ஓட்டிவிடுகிறது. விடை சரியாக வரவேண்டும், சீக்கிரம் வரவேண்டும் என்பதுதான் அதன் குறி. பைப்லைன், கேஷ், ஃபிளாஷ் நினைவகத்துக்காகச் செயலி காத்திருக்கும் நேரம் எதுவும் கணக்கில் கிடையாது. இன்டரப்ட் வந்தால் அதைக்கூட ஒரு துண்டு முடிந்த பிறகே கவனிக்கும். இதில் நீங்கள் அளந்தது உங்கள் லேப்டாப்பின் வேகம். பக்கத்து ஜன்னலில் வீடியோ ஓடினால் உங்கள் 'கார்ட்டெக்ஸ் எம்3' மெதுவாகிவிடும்.

இதைச் சொன்னதும், விஷயம் தெரிந்த ஒருவர் எழுந்து "ஐகவுண்ட் போட்டுத்தான் ஓட்டினோம்" என்பார். ஐகவுண்ட் என்ன செய்கிறது என்று படித்துப் பார்த்தீர்களா? ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரே அளவு நேரம் என்று கணக்கு வைக்கிறது, அவ்வளவுதான். நிஜமான கார்ட்டெக்ஸ் எம்3இல் கூட்டலுக்கு 1 சுழற்சி. வகுத்தலுக்கு, எண்களைப் பொறுத்து, 2 முதல் 12 வரை. ஐகவுண்டுக்கு இரண்டும் ஒன்றே. போதாக்குறைக்கு, நாமே குறிக்கும் அந்த நேரமும் 2இன் அடுக்காகத்தான் இருக்க முடியும். எல்எம்3எஸ்6965 என்ற கார்ட்டெக்ஸ் எம்3 சிப் 50 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, ஒரு சுழற்சிக்கு 20 நானோ விநாடி. ஐகவுண்டில் 16 வைக்கலாம், 32 வைக்கலாம், 20 வைக்க வழியில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஓடவேண்டும், பிழையைத் திரும்பத் திரும்பப் பிடிக்கவேண்டும் என்றால் ஐகவுண்ட் அருமையான வசதி. அதைக் கடிகாரமாக்காதீர்கள்.

யூஆர்ட்டைப் பாருங்கள், இன்னும் தெளிவாகும். 9600 பாடில் ஓர் எழுத்து வெளியே போக சுமார் 1 மில்லி விநாடி ஆகும். இன்டரப்ட் ரொட்டீனுக்குள் 20 எழுத்து டீபக் வரி ஒன்றை எழுதி, அது போய்ச் சேரும்வரை அங்கேயே நின்றால், போர்டில் 20 மில்லி விநாடி போயிற்று. மோட்டார் கட்டுப்பாடு அங்கேயே குலைந்துவிடும். கியூஎமுவில் அந்த வரி எழுதிய கணமே திரையில் இருக்கும். பாட் ரேட்டையே தப்பாகக் கணக்கிட்டிருந்தாலும் திரையில் சுத்தமான எழுத்துதான் வரும், போர்டில் குப்பை வரும். நெட்டுயினோ பிளஸ் 2 மாதிரியில் யூசார்ட்டுக்குக் கிளாக் கொடுக்க மறந்தாலும் எழுத்து வரும். அந்த போர்டில் இருக்கும் நிஜ எஸ்டிஎம்32எஃப்405 சிப்பில் ஒன்றும் வராது.

"அப்படியானால் அர்டுயினோ ஊனோவாவது முழுசாக இருக்கிறதே" என்பது அடுத்த நம்பிக்கை. 2020இல் கியூஎமு 5.1 பதிப்போடு ஊனோவின் ஏவிஆர் செயலிக்கு ஆதரவு வந்தது உண்மைதான். யூசார்ட்டும் 16 பிட் டைமரும் வேலை செய்கின்றன. ஏடிசி, எஸ்பிஐ, ஜிபிஐஓ எல்லாம் வெறும் முகவரிகள்: படித்தால் 0, எழுதினால் காற்றோடு போகும். அனலாக்ரீட் என்ன செய்கிறது? மாற்றத்தைத் தொடங்கும் பிட்டை 1 ஆக்கிவிட்டு அது 0 ஆகும்வரை லூப்பில் நிற்கிறது. இங்கே படித்தவுடனே 0 வருவதால் உடனே வெளியே வந்து, சென்சார் மதிப்பு 0 என்று சொல்லிவிடுகிறது. பிழைச்செய்தி கிடையாது. ஓட்டும்போது அன்இம்ப் லாக்கைப் போடுங்கள். எந்தெந்த இடத்தில் உங்கள் கோடு வெற்றிடத்தோடு பேசுகிறது என்று அது வரி வரியாகச் சொல்லும்.

கேவிஎம் போட்டால் வேகம் கூடுமா? கூடாது. ஒரே வகைச் செயலிக்கு மேல் அதே வகைச் செயலியை ஓட்டத்தான் கேவிஎம். ஆர்ம் கணினியே இருந்தாலும் கார்ட்டெக்ஸ் எம் அதில் சேராது. சந்தேகத்துக்குரிய ஃபர்ம்வேரை உள்ளே போட்டு ஓட்டினால் பாதுகாப்பா? டிசிஜியைப் பாதுகாப்பு வேலியாக நம்பவேண்டாம் என்று கியூஎமு ஆவணமே சொல்கிறது.

அப்போது கியூஎமுவால் பயனே இல்லையா என்று மறு எல்லைக்கு ஓடுகிறவர்களும் உண்டு. செஃபிர் திட்டம் தன் சோதனைகளைக் கியூஎமுவில் ஓட்டுகிறது. ஃப்ரீஆர்டாஸ் அதற்கென்றே டெமோ தருகிறது. தர்க்கப் பிழை, ஸ்டாக் நிரம்பி வழிவது, டாஸ்குகள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்வது, இவற்றை ஜிடிபி இணைத்துப் பிடிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. நேரத்துக்கு மட்டும் போர்டும் ஆசிலோஸ்கோப்பும் வேண்டும்.

நம் கல்லூரிகள் உருப்படியாகச் செய்யக்கூடிய வேலை ஒன்று கண்ணெதிரே கிடக்கிறது. சென்னை ஐஐடி உருவாக்கிய ரிஸ்க்-ஃபைவ் செயலியான சக்தியின் சி வகைக்குக் கியூஎமுவில் 2021 முதலே, 6.1 பதிப்பிலிருந்து, ஒரு மாதிரி இருக்கிறது. ஆவணம் பட்டியலிடுவது செயலி, க்ளின்ட், ப்ளிக் என்ற இன்டரப்ட் பகுதிகள், ஒரு யூஆர்ட், அவ்வளவுதான். ஜிபிஐஓ, ஐ2சி, எஸ்பிஐ பட்டியலில் இல்லை. இறுதியாண்டுக் குழு ஒன்று அதில் ஒரு சாதனத்தை எழுதலாமே! கவனிக்க ஆளில்லாத கட்டமைப்புகளைக் கியூஎமு நீக்கவும் செய்கிறது, 2024இல் 9.1 பதிப்பில் நியாஸ் 2 போய்விட்டது. சக்திக்கு அந்தக் கதி வரக்கூடாது.

முதலில் சக்தி எஸ்டிகேயின் லூப்பேக் நிரலை ஆர்ட்டி ஏ7 போர்டிலும் கியூஎமுவிலும் ஓட்டுங்கள். பிறகு கியூஎமுவில் சைஃபைவின் ரிஸ்க்-ஃபைவ் போர்டுக்கு ஏற்கெனவே எழுதிய ஜிபிஐஓ கோடைத் திறந்து, ரெஜிஸ்டரைப் படிக்கும் ஃபங்ஷன், எழுதும் ஃபங்ஷன் இரண்டையும் பாருங்கள். வேலையின் பெரும்பகுதி அவைதான். உங்களுடையதை எழுதி, செக்பேட்ச் ஓட்டி, பேட்சாக அனுப்புங்கள். சைன்டு-ஆஃப்-பை வரி இல்லாத பேட்சை ஏற்கமாட்டார்கள், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.