வேலியே பயிரை மேயலாமா?

கையடக்கக் கருவிகளுக்குப் பாட்டரியே உயிர். அது தீரும் நிலையை முன்னதாக அறிவிக்கச் சிறு சிவப்பு விளக்கொன்றை அமைப்பது வழக்கம். இஃது அலங்காரமன்று. பாட்டரி தளர்ந்த அளவுமானி பிழையான அளவைக் காட்டக்கூடும். அதை நம்பி மின்கம்பியைத் தொடுபவரின் உயிருக்கே இடையூறு நேரலாம். ஆனால் இவ்விளக்கும் அதே பாட்டரியிலிருந்துதானே மின்சாரம் பெறுகிறது? வேலியே பயிரை மேயாதவாறு காப்பது எங்ஙனம்?

இரவுபகலாக வெப்பநிலையை அளந்து குறிக்கும் சிறு கருவியொன்றை 9 வோல்ட் பாட்டரி கொண்டு நாமே அமைப்பதாகக் கொள்வோம். எச்சரிக்கை தொடங்கும்போது பாட்டரியில் 50 மில்லி ஆம்பியர்-மணி எஞ்சியிருக்கட்டும். விளக்கின் செலவை மட்டும் கணக்கிடுவோம். எல்.இ.டி. விளக்கு 10 மில்லி ஆம்பியரில் இடைவிடாது எரிந்தால் 5 மணி நேரத்தில் எல்லாம் தீரும். மாலை 6 மணிக்கு ஏற்றிய விளக்கு இரவு 11 மணிக்கே அணைந்துவிடும். காலையில் வருபவர் எச்சரிக்கையையே காணார்.

அதே விளக்கை 5 விநாடிக்கு ஒருமுறை, விநாடியில் நூற்றிலொரு பங்கு நேரம் மட்டும் மின்னச் செய்வோம். எரியும் காலம் 500-இல் ஒரு பங்கே. சராசரி மின்னோட்டம் 20 மைக்ரோ ஆம்பியர். கணக்கின்படி அது 2,500 மணி, அதாவது நூறு நாளுக்கு மேல் மின்னும். விட்டுவிட்டு மின்னும் ஒளி கண்ணையும் எளிதில் ஈர்க்கும். உண்டியலில் காசு சேர்ப்பதுபோல், பெரிய மின்தடை வழியே மின்தேக்கியில் மெல்ல மின்னேற்றிப் பின்னர் விளக்கின் வழியே ஒருசேர விடுத்தால் இது கைகூடும்.

இன்னொரு செலவும் உண்டு. மின்னழுத்தத்தைக் கண்காணிக்கும் சுற்று, பாட்டரி நிறைந்திருக்கும்போதும் வேலை செய்கிறது. அதன் அழுத்தப் பகுப்பி 10,000 ஓம் ஆயின் 0.9 மில்லி ஆம்பியர் வீணாகும். 500 மில்லி ஆம்பியர்-மணிப் பாட்டரியை அதுவே ஏறத்தாழ 23 நாளில் தீர்த்துவிடும். ஒரு கோடி ஓம் ஆயின் 0.9 மைக்ரோ ஆம்பியரே செலவு. அதற்கேற்ப, ஓரிரு மைக்ரோ ஆம்பியரில் இயங்கும் ஒப்பீட்டுச் சில்லையும் தேர்ந்துகொள்ளல் வேண்டும்.

மேலும், ஓய்வு பெற்ற பாட்டரியின் அழுத்தம் சற்றே ஏறும். ஆதலின் 7 வோல்ட்டில் தொடங்கும் எச்சரிக்கை 7.5 வோல்ட்டைத் தாண்டினாலன்றி நீங்காதவாறு இடைவெளி விடுதல் நலம். இன்றேல் விளக்கு தடுமாறும்.

செய்முறைக்குக் கருவி அமைக்கும் நண்பர்கள், விளக்கைப் பொருத்துமுன் இக்கணக்குகளைத் தாளில் போட்டுப் பார்ப்பார்களாக.