கூட்டு வியாபாரத்துக்கு எந்த உருவம்?

இரண்டு மூன்று பேர் சேர்ந்து முதல் போட்டு வியாபாரம் தொடங்க உத்தேசிக்கும்போது, சரக்கு எங்கே கொள்வது, கடையை எந்த வீதியில் பிடிப்பது என்று மாதக்கணக்கில் ஆலோசிப்பவர்கள், அந்த வியாபாரத்துக்குச் சட்டத்தின் முன் என்ன உருவம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் ஆடிட்டரிடம் கால் மணி நேரத்தில் கேட்டு முடித்துவிடுகிறார்கள். அப்போதும் வரி எதில் குறைவு என்பதே கேள்வியாக இருக்கிறது. தொழில் நொடித்தால் கடன் கொடுத்தவர் யார் வீட்டு வாசலுக்கு வருவார் என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

1932-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் அமையும் சாதாரணப் பார்ட்னர்ஷிப்பில், ஒரு கூட்டாளி தொழிலின் பெயரால் வழக்கமான முறையில் வாங்கிய கடனுக்கு, மற்றவர்கள் சேர்ந்தும் தனித்தனியாகவும், தம் சொந்தச் சொத்துக்களைக் கொண்டே பொறுப்பேற்க வேண்டும். பாதிக்குப் பாதி என்று தமக்குள் பத்திரத்தில் எழுதிக்கொண்டது கடன் கொடுத்தவரைக் கட்டுப்படுத்தாது. பத்திரம் எழுதியவுடன் தொடங்கிவிடலாம், கம்பெனிப் பதிவாளருக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டுவதில்லை என்ற சௌகரியங்கள் உண்மையானவையே. ஆனால் பதிவு கட்டாயமில்லை என்பதால் பதியாமலே காலந்தள்ளுவது பெரும் பிழை. ஏனெனில் 69-ஆம் பிரிவின்படி, பதிவாகாத கூட்டு நிறுவனம் ஒப்பந்தப்படி வரவேண்டிய பாக்கிக்காக வெளியார் மீது வழக்குத் தொடுக்க இயலாது, வெளியாரோ அதன் மீது தாராளமாகத் தொடுக்கலாம்.

2008-ஆம் வருஷத்துச் சட்டம் தந்த எல்.எல்.பி. என்னும் அமைப்பு, கூட்டாளிகளிலிருந்து வேறான ஒரு சட்ட நபர்; மோசடி செய்தாலன்றி, ஒருவர் ஒப்புக்கொண்ட முதலுக்கு மேல் அவரைத் தொழிலின் கடன் தொடுவதில்லை, ஒரு கூட்டாளியின் தவறு மற்றவர் தலையில் விழுவதுமில்லை. வருஷந்தோறும் இரண்டு அறிக்கைகள் தாக்கல் செய்ய வேண்டும். விற்றுவரவு 40 லட்சத்தையும் முதல் 25 லட்சத்தையும் தாண்டாதவரை, இந்தச் சட்டப்படி கணக்குத் தணிக்கை கட்டாயமில்லை. பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கோ தணிக்கை எப்போதும் உண்டு, நடைமுறைச் செலவும் அதிகம். ஆனால் பங்குகள் கொடுத்து வெளியார் முதலைச் சேர்க்க அதுவே ஏற்ற வழி.

வரி விஷயத்தில், மேல்வரிகள் நீங்கலாகக் கூட்டு நிறுவனத்துக்கும் எல்.எல்.பி.க்கும் 30 சதவீதம், சலுகைகளைத் துறக்கச் சம்மதித்த கம்பெனிக்கு 22 சதவீதம் என்பதைக் கண்டு பலர் கம்பெனி பக்கம் சாய்கிறார்கள். கூட்டாளிக்கு வரும் லாபப் பங்குக்கு அவர் கையில் மறுபடியும் வரியில்லை, கம்பெனி தரும் டிவிடெண்டுக்கோ 2020 முதல் பங்குதாரர் கையிலும் வரி உண்டு என்பதைச் சேர்த்துப் பார்த்தால், லாபத்தை வீட்டுச் செலவுக்கு எடுப்பவருக்கு எல்.எல்.பி.யும், தொழிலிலேயே திரும்பப் போடுபவருக்குக் கம்பெனியும் பொருந்தும் என்பது விளங்கும். கடனே வாங்காத குடும்பக் கடைக்குப் பதிவு செய்த பார்ட்னர்ஷிப் போதும்.

ஆனால் இந்தப் பொறுப்பு வரம்பெல்லாம் வங்கியில் கையெழுத்திடும் மேஜைவரைதான் செல்லும். சிறு ஸ்தாபனங்களுக்குக் கடன் தரும்போது, டைரக்டர்களிடமும் கூட்டாளிகளிடமும் வங்கிகள் சொந்த ஜாமீன் கேட்பது வழக்கம். அதில் கையெழுத்திட்டவருக்கு, அந்தக் கடனைப் பொறுத்தமட்டில், எல்.எல்.பி.யும் கம்பெனியும் தரும் காப்பு அற்றுப்போகிறது. திவால் சட்டத்தின் கீழ் இத்தகைய ஜாமீன்தாரர்கள் மீதும் நடவடிக்கை எடுக்கலாம் என்ற மத்திய அரசின் 2019-ஆம் வருஷத்து அறிவிக்கையை, 2021 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியதோடு, கடன்பட்ட கம்பெனிக்கு ஒரு தீர்வுத் திட்டம் ஏற்கப்பட்டதாலேயே ஜாமீன்தாரர் விடுபட்டுவிடமாட்டார் என்றும் சொல்லிவிட்டது.

ஆகவே எந்த உருவத்தைத் தேர்ந்தாலும், ஜாமீன் கேட்கும் வங்கியிடம் அதற்கு ஒரு தொகை வரம்பு எழுதும்படி கோருங்கள். கூட்டாளிகளில் ஒருவர் மட்டும் தம் வீட்டை ஈடு வைக்கிறாரென்றால், மற்றவர்கள் அவருக்கு என்ன ஈடுசெய்வார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பின்னாளில் தொழிலை விட்டு விலகுகிறவர், கூட்டாளிகளின் வாய்வார்த்தையோடு நின்றுவிடாமல், பழைய ஜாமீனிலிருந்து தம்மை விடுவித்ததாக வங்கியிடமிருந்து எழுத்து மூலம் பெற்றுக்கொண்ட பிறகே வெளியேற வேண்டும்.