பிக்கப்பில் ஏசி குளிரவில்லையா? கேஸைக் கடைசியில் பாருங்கள்

சித்திரை வெயிலில் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி, "ஏசி கூலிங்கே இல்லை" என்று சொல்லுங்கள். பானட்டைத் திறக்கும் முன்பே பதில் வந்துவிடும்: "கேஸ் இறங்கியிருக்கும், ஏத்திரலாம்." சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஏசி கேஸ் டீசல்போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருகிறது. வேகமாகக் குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. கேஸ் துளியும் குறையாமல் குளிர் மட்டும் குறையவும் காரணங்கள் உண்டு. செம்மண் புழுதியிலும் உமித் தூசியிலும் லோடோடு திரியும் பிக்கப்பில் அவை இன்னும் அதிகம். எனவே முதலில் காற்று, அடுத்து சூடு, கடைசியில் கேஸ் என்று பாருங்கள்.

செய்ய வேண்டியவை

1. எப்போது குளிரவில்லை என்று கவனியுங்கள். பாதி விடை இதிலேயே இருக்கிறது.
- பைபாஸில் ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சூடாகிறதா? கன்டென்சருக்குக் காற்று போதவில்லை.
- கிளம்பும்போது நன்றாகக் குளிர்ந்து, நேரம் ஆக ஆகக் காற்றே குறைகிறதா? கூலிங் காயிலில் பனி உறைகிறது. ஏசியை அணைத்து, புளோயரை மட்டும் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். காற்று பழையபடி வந்தால் சந்தேகம் உறுதி. உறைவதற்குக் காரணம் தெர்மோஸ்டாட் கோளாறாக இருக்கலாம், அழுக்கடைந்த காயிலாக இருக்கலாம், கேஸ் குறைவாகவும் இருக்கலாம்.
- காற்று வேகமாக வந்தும் குளிரே இல்லையா? கம்ப்ரஸர் ஓடுகிறதா என்று பாருங்கள்.

2. கேபின் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவாவிட்டால் மாற்றுங்கள். லோடு வண்டிகள் பலவற்றில் இந்த ஃபில்டரே கிடையாது. அவற்றில் தூசியெல்லாம் நேராகக் கூலிங் காயிலில்தான் போய் அப்பிக்கொள்ளும்.

3. வெளிக்காற்றை இழுக்கும் நெம்புகோல் எந்தப் பக்கம் இருக்கிறதென்று பாருங்கள். வெயிலில் நின்ற வண்டியில் முதலில் கண்ணாடியை இறக்கி அனலை வெளியேற்றுங்கள். பிறகு உள்காற்றையே சுழலவிடுங்கள்.

4. கன்டென்சரைச் சுத்தம் செய்யுங்கள். முன்பக்கம் பளிச்சென்று இருந்தாலும், கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உமியும் பூச்சியும் மெத்தைபோல் அடைந்திருக்கும். இன்ஜின் ஆறியபின், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடியுங்கள்.

5. விசிறியைச் சோதியுங்கள். டீசல் பிக்கப் பலவற்றில் இன்ஜினோடு சுற்றும் விஸ்கஸ் ஃபேன்தான். இன்ஜின் நன்றாகச் சூடானதும் அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, கையுறையோடு விசிறியைச் சுழற்றிப் பாருங்கள். இறுக்கமாக நின்றால் நல்லது. நாலைந்து சுற்று தானாக ஓடினால் கப்ளிங் போய்விட்டது. மின்விசிறி என்றால், ஏசி போட்டதும் அது ஓட வேண்டும்.

6. கம்ப்ரஸர் கிளட்ச் 'டிக்' என்று பிடிக்கிறதா என்று காது கொடுங்கள். பிடிக்கவே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பிரஷர் ஸ்விட்ச் என்று வரிசையாகப் பாருங்கள். சில நொடிக்கொரு முறை பிடிப்பதும் விடுவதுமாக இருந்தால், கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

7. ஹீட்டர் கதவு முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். கேபிள் நழுவியிருந்தால் குளிர்ந்த காற்றோடு சூடான காற்றும் கலந்து வரும். எத்தனை முறை கேஸ் ஏற்றினாலும் இது சரியாகாது.

8. தெர்மாமீட்டர் வைத்து அளவெடுங்கள். நிழலில் நிறுத்தி, உள்காற்றில் வைத்து, 1,500 ஆர்.பி.எம்மில் பத்து நிமிடம் ஓட்டி, நடு வென்டில் பாருங்கள். வெளியே 35 டிகிரி என்றால் அங்கே 10 டிகிரியை ஒட்டி வருவது நல்ல நிலை. புழுக்கமான கடலோர ஊர்களில் சற்றுக் கூடும்.

9. கேஜ் போட்டால் இரண்டு முள்ளையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டுமே குறைவு என்றால் பெரும்பாலும் கேஸ் போதவில்லை. இரண்டுமே அதிகம் என்றால் கன்டென்சர் சூட்டை வெளியேற்றவில்லை, அல்லது கேஸ் கூடிப்போயிருக்கிறது. தாழ்வழுத்தம் ஏறி, உயரழுத்தம் இறங்கி இருந்தால் கம்ப்ரஸர் தளர்ந்திருக்கலாம். இன்ஜின் ஓடாதபோது எடுக்கும் அளவை நம்பாதீர்கள். 30 டிகிரி சூட்டில் ஆர்-134ஏ கேஸ் 95 முதல் 100 பிஎஸ்ஐ காட்டும். பாதிதான் இருந்தாலும் அதையே காட்டக்கூடும்.

செய்யக்கூடாதவை

1. கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் ஏற்றாதீர்கள். குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருந்தால், முதல் சந்தேகம் அங்கேதான்.

2. "கொஞ்சம் கூடவே போடு" என்று சொல்லாதீர்கள். அளவு மிஞ்சினால் அழுத்தம் ஏறும், குளிர் குறையும், கம்ப்ரஸரும் அடிபடும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று பானட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கர் சொல்லும்.

3. சமையல் கேஸையோ எரியும் கலவைகளையோ மலிவு என்று நம்பி ஏற்றாதீர்கள். கூலிங் காயில் இருப்பது டேஷ்போர்டுக்குள். அங்கே கசிந்தால் உங்கள் மடியில்தான் வந்து இறங்கும்.

4. கசிவு பார்க்கக் காற்றை அடிக்க விடாதீர்கள். ஈரம் உள்ளே போகும். மீதமிருக்கும் ஆர்-134ஏ அழுத்தமான காற்றோடு கலந்தால் தீப்பிடிக்கவும் கூடும். நைட்ரஜன்தான் சரி.

5. வாட்டர் சர்வீஸ் கன்னைக் கன்டென்சருக்கு நெருக்கமாகப் பிடிக்காதீர்கள். மெல்லிய தகடுகள் மடங்கினால் காற்றே புகாது.

6. குழாயை நீங்களே கழற்றாதீர்கள். பீறிடும் கேஸ் கண்ணையும் தோலையும் உறையவைத்துவிடும். பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடுவதும் தவறு. கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும் வாயு அது.

7. உடைந்த கம்ப்ரஸரை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள். லைனில் கிடக்கும் உலோகத் துகளைக் கழுவி, டிரையரையும் மாற்றாவிட்டால் புதியதும் தாங்காது.

8. மூடிய ஷெட்டில் இன்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டுக் கேபினில் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

பில்லைக் கட்டும் முன் மூன்று விவரங்களை அதில் எழுதி வாங்குங்கள்: கசிவு எங்கே இருந்தது, வேக்கம் எவ்வளவு நேரம் போட்டார்கள், எத்தனை கிராம் ஏற்றினார்கள். அரை மணி நேர வேக்கமாவது வேண்டும். "கேஸ் ஏற்றியது" என்று மட்டும் எழுதித் தருகிற கடையில் கோளாறு பார்க்கப்படவில்லை என்றே அர்த்தம்.