உலோகங்காட்டியின் குரலைப் பழக்குதல்

அங்கத்தினர் பாடம்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பருத்தி விளைவிப்போர், நூற்போர், நெய்வோர் ஆகிய மூவகையினரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். 1936-ஆம் ஆண்டில் திரு. பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராஜபாளையத்தில் நூற்பாலை நிறுவினார். அருகிலுள்ள சத்திரப்பட்டியோ மருத்துவமனைகளுக்கு வேண்டிய கட்டுத்துணிக்குப் பெயர் பெற்றது. ஒருவர் கைப்பொருள் மற்றவர் கைக்குப் போகும் இவ்வூர்களில், ஒருவர் கவனக்குறைவும் உடன் செல்கிறது. களத்தில் சாக்கினுள் விழுந்த ஓர் ஆணி, ஆலை யந்திரத்தின் வேகமாகச் சுழலும் பாகத்தில் மோதினால் தீப்பொறி எழக்கூடும். பஞ்சில் விழுந்த பொறி வெளியே தெரியாமல் கனன்று, நெடுநேரம் கழித்தே கொழுந்து விடும். தறியில் ஒடிந்த அச்சுக் கம்பித் துண்டு கட்டுத்துணியில் தங்கினால், அது போய்ச் சேரும் இடம் நோயாளியின் புண்.

இதனைத் தடுக்கப் பெரிய ஆலைகள் காந்தங்களையும் நிலையான உலோகங்காட்டிகளையும் வைத்துக்கொள்கின்றன. சிறிய சங்கத்துக்குக் கையிற்பிடிக்கும் மெட்டல் டிடெக்டரே எட்டக்கூடியது. ஆனால் கருவியை வாங்கியவுடன் காவல் கிடைத்துவிடாது. அதன் ஒலியை நம் வேலைக்கு ஏற்ப அமைத்த பின்னரே அது பயன்படும். அம்முறையை இப்பாடத்தில் காண்போம்.

கருவி பேசும் விதம்

கருவியின் வட்டத்தட்டினுள் செப்புக் கம்பிச் சுருள்கள் உள்ளன. ஒரு சுருளில் விநாடிக்குப் பல்லாயிரம் முறை திசைமாறும் மின்னோட்டம் பாய்ந்து, சுற்றிலும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அப்புலத்தில் உலோகம் அகப்பட்டால் அதனுள் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அதனால் விளையும் மாறுதலை மற்றொரு சுருள் உணர, கருவி அதனை ஒலியாக்குகிறது. உலர்ந்த பஞ்சு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆதலின் அது மௌனமாக இருக்கும். ஈரமும் உப்பும் கலந்த பண்டமாயின், பண்டமே ஒலி எழுப்பும். ஆகவே பால்கோவாவைச் சோதிக்க அமைத்த கருவியை அப்படியே பருத்திக்குப் பயன்படுத்துதல் ஆகாது.

முதலில் செய்ய வேண்டியது

கடையில் கிடைக்கும் வட்டத்தட்டுக் கருவிகளுட் பல, பழைய நாணயம் தேடுவோருக்காகச் செய்யப்பட்டவை. அவர்களுக்கு இரும்பு ஆணி ஒரு தொல்லை. ஆதலால் இரும்பு தென்பட்டால் ஒலிக்காதவாறு விலக்கும் ஏற்பாடு அவற்றில் உண்டு. புதிய கருவி பல சமயம் அந்நிலையிலேயே வந்து சேரும். நமக்கோ அவர்கள் விலக்கும் இரும்பே முதற் பகை. விலக்கு ஏற்பாட்டை நீக்காமல் பருத்தியின்மேல் கருவியை ஓட்டினால், ஆணிகள் நிறைந்த குவியலும் தூயதெனவே தோன்றும். எனவே முதற் காரியமாக, 'எல்லா உலோகமும்' என்னும் நிலைக்குக் கருவியை மாற்றுக.

உணர்திறன்

உணர்திறனை உச்சத்தில் வைப்பது நல்லதென்று பலர் எண்ணுவர். அது சரியன்று. உச்சத்தில் வைத்த கருவி, மோட்டார், மின்கம்பி, சட்டைப்பையிலுள்ள கைபேசி ஆகியவற்றுக்கெல்லாம் குரல் கொடுக்கும். மூன்று முறை வீணே கூவிய கருவியை, நான்காம் முறை உண்மையாகக் கூவும்போது எவரும் மதியார். நடு அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்துக. காரணமின்றிக் கருவி பிதற்றத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அமைதி அடையும் வரை பின்னுக்குத் திருப்புக. அதுவே அவ்விடத்துக்கு உரிய அளவு. இடம் மாறினால் அளவும் மாறும்.

அடியொலியும் சுருதியும்

சில கருவிகளில் இடைவிடாத மெல்லிய ரீங்காரம் ஒன்று உண்டு. அதனை அடியொலி எனலாம். காதுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும் அளவில் அதனை வைத்தால், மிகச் சிறிய துண்டினால் உண்டாகும் மாற்றமும் புலப்படும். மிகுதியாக வைத்தால் அச்சிறு மாற்றம் அதனுள் மூழ்கிவிடும்.

இரும்புக்குத் தாழ்ந்த சுருதியும், செம்பு, வெள்ளிக்கு உயர்ந்த சுருதியும் தரும் கருவிகள் உண்டு. தாழ்ந்த சுருதி விசைத்தறி இரைச்சலில் கரைந்து போகும். எல்லா உலோகமும் நமக்கு வேண்டாதவையே ஆதலின், ஒரே சுருதி போதும். அதைத் தேர்ந்தெடுக்கும்போது, கருவியை ஏந்துபவரின் செவியையே அளவாகக் கொள்க. முதுமையில் மிக உயர்ந்த ஒலிகளே முதலில் கேளாமற் போகின்றன. இரைச்சலான இடத்தில் காதணிக் கருவி இன்றியமையாதது.

இடத்தின் குற்றம்

1881-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் பாய்ந்த துப்பாக்கிக் குண்டைத் தேட, தொலைபேசி கண்ட அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் இத்தகைய கருவியொன்றைக் கொண்டு சென்றார். குண்டு அகப்படவில்லை. படுக்கையிலிருந்த எஃகுச் சுருள்கள் ஒலியைக் குழப்பியதும் ஒரு காரணம் என்பர். நம் சிமெண்டுக் களத்தினுள்ளும் இரும்புக் கம்பிகள் இருக்கக்கூடும். ஆகவே மண் தரையிலோ, ஆணியில்லாத மரப்பலகையின் மேலோ பருத்தியைப் பரப்புக. மெல்லியதாகப் பரப்புதல் வேண்டும். ஊசி போன்ற சிறு பொருள் சில விரற்கடை ஆழத்துக்குக் கீழே போனால் கருவிக்கு எட்டாது. கம்பித் துண்டு கிடக்கும் திசைக்கேற்ப ஒலி மாறுமாதலால், நெடுக்கிலும் குறுக்கிலும் ஒவ்வொரு முறை ஓட்டுக.

சோதனை அட்டையும் பதிவேடும்

ஓர் அட்டையில் சிறிய ஆணி, அச்சுக் கம்பித் துண்டு, அலுமினியத் துண்டு, காந்தம் பற்றாத எவர்சில்வர் கம்பி ஆகிய நான்கையும் ஒன்றுக்கொன்று எட்டியிருக்குமாறு ஒட்டி வைக்க. இவற்றுள் எவர்சில்வரே காண்பதற்கு அரிது. வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் அட்டையைப் பஞ்சின் கீழ் வைத்து, நான்கும் தனித்தனியே ஒலிக்கின்றனவா என்று பார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். முடிவுச் சோதனையில் ஒன்று ஒலிக்கத் தவறினாலும், அதற்கு முந்திய நல்ல சோதனைக்குப் பின் கடந்த சரக்கு முழுவதையும் மீண்டும் பார்த்தல் வேண்டும். இது சுமையே, ஆயினும் சந்தேகமான சரக்கைச் சங்கத்தின் முத்திரையுடன் அனுப்புவது அதனினும் பெரிய சுமை.

அகப்பட்ட துண்டை எறிந்துவிடலாகாது. எந்தச் சாக்கில், எந்தத் தறித் துணியில் கிடைத்தது என்று எழுதிப் பெட்டியில் இடுக. வண்டியின் ஆணியா, தறியின் கம்பியா என்று தெரிந்தால், குற்றம் பிறந்த இடத்திலேயே அதனைத் திருத்தலாம். உரிய அங்கத்தினரை அபராதத்தால் அச்சுறுத்தினால், அடுத்த முறை கண்டதை மறைப்பார். காரணம் கேட்டு உதவினால், தாமே எடுத்து வந்து தருவார். பலர் சரக்கு ஒன்றாகச் சேரும் கூட்டுறவில் இந்நம்பிக்கையே நமது மூலதனம்.

கூடிப் பேசுவதற்குரிய வினாக்கள்

1. நம் சங்கக் கருவியில் இரும்பை விலக்கும் ஏற்பாடு உண்டா? அது இப்போது எந்நிலையில் உள்ளது?

2. பருத்தி பரப்பும் இடத்தில், தரைக்கு அடியிலும் அருகிலும் என்னென்ன உலோகங்கள் உள்ளன?

3. சோதனை அட்டையையும் பதிவேட்டையும் பொறுப்பேற்று நடத்துபவர் யார்? அவர் வராத நாளில் யார்?