ஈரக்காற்றில் கேரமல்: வடசென்னை விருந்துக்கு ஒரு வாய்ப் பழத்துண்டுகள்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டிய வீடுகளில் சர்க்கரை டப்பாவைத் திறந்தால் பாதி கட்டிதட்டியிருக்கும். உப்பு ஜாடியில் நாலு அரிசியைப் போட்டு வைப்பதும் இந்தப் பக்கத்து வழக்கம்தான். ஈரத்தை இழுப்பது சர்க்கரையின் குணம். காய்ச்சி நிறம் மாறிய பிறகு அந்தக் குணம் இன்னும் கூடும். பிறந்தநாளுக்கும் ஞானஸ்நான விருந்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் கேரமலில் தோய்த்த பழத்துண்டுகளைச் செய்து வைக்க இங்கே பலருக்கு ஆசை. ஆனால் யாரோ எங்கோ எடுத்த வீடியோவை அப்படியே பின்பற்றினால், விருந்தாளிகள் வந்து சேர்வதற்குள் பாகு வழிந்து தட்டில் தேங்கிவிடும்.

காரணம் எளிது. இந்தப் பண்டங்கள் பிறந்ததெல்லாம் குளிரும் வறட்சியுமான ஊர்களில். சர்க்கரைப் பாகில் தோய்த்த பழமான சீனாவின் தாங்ஹுலு, வடக்கே பெய்ஜிங் பக்கம் குளிர்காலத் தெருக்களில் விற்பது. 2023இல் தென்கொரியப் பிள்ளைகளிடையே பெரிய மோகமாகி, அங்கிருந்து இன்ஸ்டாகிராம் வழியாக நம் ஊருக்கும் வந்தது. அமெரிக்காவில் நியூவார்க் நகர மிட்டாய்க்காரர் வில்லியம் கோல்ப் 1908இல் சிவப்புப் பாகில் ஆப்பிளைத் தோய்த்துக் கடையில் அலங்காரமாக வைத்தார். வந்தவர்கள் ஆப்பிளையே விலைக்குக் கேட்டார்கள். 1950களில் கிராஃப்ட் நிறுவன ஊழியர் டான் வாக்கர், ஹாலோவீனுக்கு விற்றது போக மிஞ்சிய கேரமல் மிட்டாய்களை உருக்கி ஆப்பிள் மேல் பூசினார். முழுப் பழம், தோல் உரிக்காத பழம், குளிர்ந்த காற்று: இந்த மூன்றும் அவர்களுக்குச் சாதகம். நாம் செய்யப்போவது நறுக்கிய பழத்தில், புழுக்கத்தில்.

அதற்காக வடசென்னைக்காரர்களுக்குப் பாகு புதிதல்ல. பெட்டிக்கடைக் கமர்கட்டும் கடலை மிட்டாயும் கண்ணாடி பாட்டிலில், மூடி போட்டுத்தான் இருக்கும். பாரிமுனைக்குப் பெயர் தந்த பாரி நிறுவனம் 1842இலேயே நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை நிறுவியது. பின்னாளில் அதே பாரியின் பெயரில் வந்த காபி பைட் மிட்டாயைச் சுவைக்காத பிள்ளைகள் குறைவு. அந்த மிட்டாய்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் காகிதத்தில் முறுக்கப்பட்டிருந்தது அழகுக்காக மட்டுமல்ல, ஈரக்காற்று உள்ளே போகாமல் இருக்கவும்தான்.

பதம் பார்த்தல்

கேரமலுக்குத் தெர்மாமீட்டர் வேண்டுமா என்றால், இருந்தால் நல்லது. பாகுக்குள் முனையை அமிழ்த்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் வாங்க வேண்டும். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிப் பார்த்த கருவி இதற்கு உதவாது. அது உடல் சூட்டின் எல்லைக்குள் மட்டுமே அளக்கும். வாங்கியதைக் கொதிக்கும் தண்ணீரில் சோதித்துக்கொள்ளலாம். நம் பகுதி கடல் மட்டத்தில் இருப்பதால் 100 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். கொடைக்கானலில் இதே தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும்.

கருவி இல்லாதவர்களுக்குக் கிண்ணத்துத் தண்ணீரே போதும். ஒரு சொட்டுப் பாகைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு விரலால் திரட்டினால், 112 முதல் 116 டிகிரிக்குள் அது அதிரசத்துக்கு வேண்டிய மெத்தென்ற உருண்டையாகும். 118 முதல் 120 வரை, அழுத்தினால் மெல்ல அமுங்கும் கெட்டி உருண்டை. 150ஐ நெருங்கும்போது கடலை மிட்டாய்ப் பதம். ஆறியதை எடுத்துத் தட்டில் போட்டால் ஓசை கேட்கும். “டங்குன்னு சத்தம் வந்தா எறக்கிடும்மா, அதுக்கு மேல கசந்துடும்” என்று பெரியவர்கள் எனக்குச் சொன்னது, புத்தகங்கள் எண்ணில் சொல்வதற்குச் சமம்.

பழத்துண்டுகளுக்கு இரண்டு வகைப் பாகு உண்டு. வெண்ணெயும் கிரீமும் சேர்ந்த மெத்தென்ற கேரமல் ஒன்று. கண்ணாடிபோல் நொறுங்கும் வெறும் சர்க்கரைப் பாகு மற்றொன்று. ஆசையாகக் கேட்கப்படுவது இரண்டாவது. நம் ஈரக்காற்றில் தாக்குப்பிடிப்பது முதலாவது.

நாற்பது சிறு துண்டுகளுக்கு அளவு இது: சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 50 மில்லி, எலுமிச்சைச் சாறு அரை டீஸ்பூன், உப்பில்லாத வெண்ணெய் 60 கிராம், கிரீம் 120 மில்லி, இரண்டு சிட்டிகை உப்பு. அடி கனமான, உயரமான பாத்திரம் அவசியம், கிரீம் ஊற்றும்போது பாகு பொங்கி எழும். சர்க்கரை, தண்ணீர், எலுமிச்சைச் சாறு மூன்றையும் கரைத்து அடுப்பில் வைத்த பிறகு கரண்டி போடக் கூடாது. பாத்திரத்தை மட்டும் லேசாகச் சுழற்றலாம். எலுமிச்சையின் புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைக்கிறது. அதனால் பாகு மறுபடி மணல்மணலாகப் பூக்காது. அளவு கூடினால் அதே பிரக்டோஸ் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்க வைக்கும், அதனால் அரை டீஸ்பூனோடு நிறுத்த வேண்டும்.

தேன் நிறம் தாண்டிச் செம்பழுப்பு வந்ததும் தீயைக் குறைத்து, வெதுவெதுப்பான கிரீமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். குளிர்ந்த கிரீம் ஊற்றினால் பாகு கட்டியாகிக் கரண்டியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு வெண்ணெய், உப்பு. மறுபடி கொதிக்கவிட்டு 120 டிகிரி வந்ததும் இறக்கலாம். மழைக்காலத்தில் ஒன்றிரண்டு டிகிரி கூடவே விடுவது நல்லது. கிரீம் பிடிக்காதவர்கள் கெட்டியான முதல் தேங்காய்ப்பால் சேர்க்கலாம். சுவை கமர்கட்டின் பக்கம் போகும். வெல்லத்தில் செய்ய ஆசைப்பட்டால் பாகு வெல்லம் வாங்கி, கரைத்து வடிகட்டிய பிறகு காய்ச்ச வேண்டும். வெல்லத்தில் உடைந்த சர்க்கரை இயல்பிலேயே இருப்பதால் சீக்கிரம் இளகும். வெல்லக் கேரமலைச் செய்த கையோடு பரிமாறுவதே உத்தமம்.

எந்தப் பழம்?

புளிப்பும் கடினமும் உள்ள பழமே கேரமலுக்கு ஜோடி. பச்சை ஆப்பிள் முதல் தேர்வு. கடையில் பளபளக்கும் ஆப்பிளில் மெழுகுப் பூச்சு இருக்கும். அதன் மேல் கேரமல் நிற்காது. வெந்நீரில் சில நொடி முக்கி, துணியால் அழுத்தித் துடைத்தால் மெழுகு போய்விடும். ஆப்பிள் விலை கட்டுப்படியாகாத நாளில் அரைப்பழுப்புக் கொய்யா அருமையாக ஈடுகொடுக்கும்; விதைப் பகுதியை நீக்கிவிட்டுச் சதையை மட்டும் துண்டு போட வேண்டும். நேந்திரம் வாழையும் தாங்கும். ஏலக்கி குழைந்துவிடும்.

திராட்சையில் விதையில்லாப் பச்சை திராட்சைதான் வசதி, முழுதாகவே தோய்க்கலாம். கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம், மணமும் அபாரம். ஆனால் விதையும் மெல்லிய தோலும் இதற்கு ஒத்துவராது. அன்னாசியும் தர்பூசணியும் சாறு விட்டுக்கொண்டே இருக்கும். தர்பூசணியை மறந்துவிடலாம். அன்னாசியை நறுக்கி, வடிதட்டில் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் சமாளிக்கலாம்.

நறுக்கிய துண்டுகளை எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போட்டு எடுத்தால் கறுக்காது. அதன்பின் வேட்டித் துணி ஒன்றின் மேல் பரப்பி, இன்னொன்றால் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் கால் மணி நேரம். கேரமல் வழுக்குவதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு முறை காரணம் இந்த ஒற்றலில் விட்ட குறைதான். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த பழத்தை உடனே தோய்க்கவும் கூடாது. நம் புழுக்கத்தில் வெளியே வந்த மறுநிமிடம் அதன் மேல் தண்ணீர் முத்து முத்தாக அரும்பிவிடும்.

தோய்ப்பதும் பரிமாறுவதும்

கொதிநிலையில் கேரமல் பழத்தை வேகவைத்துவிடும், ஆறினால் இழுபடும். கரண்டியில் இருந்து அகலமான நாடாபோல விழும் சூட்டில், ஏறக்குறைய 80 டிகிரியில், முள்கரண்டியால் துண்டின் முக்கால் பகுதியை மட்டும் தோய்த்து, பாத்திர விளிம்பில் வழித்து, வெண்ணெய் தடவிய பட்டர் பேப்பரில் வைக்க வேண்டும். அடிப்பக்கத்தை வறுத்துப் பொடித்த வேர்க்கடலையிலோ எள்ளிலோ ஒற்றினால் தட்டில் ஒட்டாது, கையும் பிசுபிசுக்காது. கடலை ஒவ்வாதவர்கள் விருந்தில் இருக்கக்கூடும் என்பதால் அந்தத் தட்டுக்குத் தனியாகச் சீட்டு எழுதி வையுங்கள்.

நொறுங்கும் பாகுதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், அதைப் பரிமாறும் இடத்திலேயே செய்யலாம். சர்க்கரை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, 150 டிகிரி. திராட்சையைத் தோய்த்து உடனே ஐஸ் தண்ணீரில் ஒரு முக்கு. கையோடு கொடுத்துவிட வேண்டும். ஐஸ் விஷயத்தில் காசிமேட்டுப் பக்கத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மீனுக்குப் போடும் பார் ஐஸ் உண்பதற்கானதல்ல. அதை அடையாளம் காண நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் உத்தரவிட்டது. வெள்ளையாக இருக்கிறதே என்று நம்பாமல், வீட்டில் குடிநீரில் உறைய வைத்ததையே பயன்படுத்துங்கள். அடுப்புப் பக்கம் பிள்ளைகளை விடக் கூடாது. பாகு மேலே பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், ஓடும் தண்ணீரில் உடனே காட்ட வேண்டும்.

பல்குச்சியை எப்போது குத்துவது என்பதில் அலட்சியம் வேண்டாம். அமெரிக்காவில் 2014 கடைசியில் பொதி செய்து விற்ற கேரமல் ஆப்பிளால் லிஸ்டீரியா கிருமி 12 மாநிலங்களில் 35 பேரைத் தாக்கியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வில், குச்சி குத்திய ஆப்பிளை 25 டிகிரியில் வைத்தபோது மூன்றே நாளில் கிருமி ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகியிருந்தது. குச்சி இல்லாததில் வளர்ச்சி தாமதமானது. குச்சி போட்ட துளை வழியே கசிந்த சாறு, பழத்துக்கும் கேரமலுக்கும் நடுவே தங்கிக் கிருமிக்குத் தீனியாகிறது. நறுக்கிய துண்டில் சாறு எல்லாப் பக்கமும் கசியும், நம் ஊர் வெப்பமோ 25ஐ விட அதிகம். ஆகவே கேரமலை முந்தின நாளே காய்ச்சிக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம். பழத்தை நறுக்கித் தோய்ப்பது விருந்துக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான். குச்சி, தட்டு வெளியே போகும் நேரத்தில். கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் அப்போதே செய்ததைக் கொடுங்கள்.

மொட்டை மாடிப் பந்தலில் விருந்து என்றால் எல்லாத் தட்டையும் ஒரே சமயத்தில் மேலே ஏற்ற வேண்டாம். இருபது இருபது துண்டாக அனுப்பி, மீதியை ஏசி அறையில் மூடி வைக்கலாம். ஏசி காற்றின் ஈரத்தையும் சேர்த்தே குறைக்கும். அடியில் மிஞ்சிய கேரமலில் கொஞ்சம் பால் ஊற்றிச் சூடாக்கினால் மறுநாள் சேமியா பாயசத்துக்கு ஆகும். பாத்திரத்தைத் தேய்த்துக் கையை நோகடிக்கத் தேவையில்லை. தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் பாகு தானாகக் கரைந்து வந்துவிடும்.