பழைய நாளிதழில் பரிசுப் பை

தீபாவளிக்காகக் கடைகளில் விற்கும் பளபளப்பான பரிசுப் பைகள் பலவற்றின்மேல் நெகிழிப் பூச்சு உண்டு. அவற்றை மறுபயனீடு செய்வது கடினம். எனவே, பழைய நாளிதழில் பை செய்வோம்.

இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். மேல் விளிம்பை 4 செண்டிமீட்டர் உள்ளே மடியுங்கள். தாளை ஒரு சிறு அட்டைப்பெட்டியைச் சுற்றி மடித்து, தாளின் ஓரங்களை ஒட்டுங்கள். பொட்டலம் கட்டுவதுபோல் அடிப்பகுதியை மடித்து ஒட்டுங்கள். பசை காய்ந்ததும் பெட்டியை உருவிவிட்டு, பையின் அடியில் ஓர் அட்டையை வையுங்கள். வாய்ப்பகுதியின் இருபுறமும் உள்ளே அட்டைப் பட்டைகளை ஒட்டி, துளையிட்டுக் கயிறு கோத்து முடிச்சிடுங்கள். பட்டை எடையைத் தாங்குவதால் துளை எளிதில் கிழியாது.

பலகாரத்தை மூடிய புட்டியில் இட்டே பையில் வையுங்கள். எண்ணெய் பட்ட தாள் மறுபயனீட்டுக்கு உதவாது. பை கிழிந்தபின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, தாளை அடுக்குமாடியின் கீழுள்ள நீல நிற மறுபயனீட்டுத் தொட்டியில் போடுங்கள். கயிறு அடுத்த பைக்கு உதவும்.